வேப்பெண்ணெய்

ஜாம்பியாவைப் பற்றிக் கேட்டால் குப்பாயி மூன்று சங்கதிதான் சொல்லுவாள். அங்கேயும் களிதான் கிண்டித் தின்கிறார்கள், ஆனால் வெள்ளைக் களி. சாயங்காலமானால் சுரங்கத்தில் செம்பு உருக்கின கழிவைக் குழம்பாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள், கரிமேட்டில் நெருப்பு வழிந்தோடும். பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைப்பதில்லை, முதுகில் துணி போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆறு வருசம் இருந்தவளுக்கு மூன்று சங்கதிதானா என்று ஏற்காட்டு மலைமேல் செம்மநத்தத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் விமானம் ஏறினவள் அவள் ஒருத்தி. ஜாம்பியாக்காரி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது.

நாலாவது சங்கதி ஒன்று இருந்தது. அதன் பேர் சாருமதி.

எழுபத்துநாலில் போனாள். எஸ்டேட் முதலாளியின் மகள் தனலட்சுமிக்குக் கைக்குழந்தை. புருசன் கிட்வே என்ற ஊரில் சுரங்க இஞ்சினீயர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்கள். காப்பிப் பழம் பறிக்கிற நாற்பது பெண்களில் குப்பாயியைக் கைகாட்டினார்கள். இரண்டு வருசம் என்பது பேச்சு.

குப்பாயிக்கும் அப்போது கைப்பிள்ளை. அத்தாயிக்கு ஒன்றரை வயது, பால் மறக்கவில்லை. அந்த உயரத்தில் வேம்பு வளராது. புருசன் சின்னன் ஏற்காட்டுக் கடையிலிருந்து வேப்பெண்ணெய் வாங்கிவந்தான். குப்பாயி மூன்று நாள் மார்பில் பூசிக்கொண்டாள். முதல் நாள் பிள்ளை வாயை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. இரண்டாம் நாள் முகர்ந்துவிட்டு அழுதது. மூன்றாம் நாள் கிட்டவே வரவில்லை. நாலாம் நாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது குப்பாயி ஜீப் ஏறினாள்.

கிட்வேயில் சாருமதி அவள் முதுகில் வளர்ந்தாள். பக்கத்துப் பங்களாத் தோட்டக்காரன் பெண்டாட்டி துணி கட்டக் கற்றுக்கொடுத்தாள். குளிப்பாட்டும்போது பிள்ளையின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சோப்புப் பெட்டி மூடியில் வைப்பாள். துடைத்து மறுபடி போட்டுவிடுவாள். மக்காச்சோளத்தைக் கரியில் சுட்டு, உப்புத் தொட்டு, இருவரும் சமையலறைப் படியில் உட்கார்ந்து தின்பார்கள்.

பிள்ளை பேசின முதல் பேச்சு செம்மநத்தத்துப் பேச்சு. "ஊட்டுக்குப் போலாம்" என்றாள். "நொம்பச் சூடு" என்றாள். தமிழ்க் குடும்பங்கள் கூடின விருந்தில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். "ஏன் தனம், உன் பொண்ணை நாளைக்குக் காப்பி பறிக்க அனுப்பப் போறியா?" என்றாள் ஒருத்தி. தனலட்சுமியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்கவில்லை.

தனலட்சுமியைப் பிள்ளை மம்மி என்றாள். குப்பாயியை முதலில் குப்பாம்மா என்றாள். பிறகு அதைச் சுருக்கி அம்மா என்றாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. தனலட்சுமி தலைவலியோடு படுத்திருந்தாள். குப்பாயி காலைப் பிடித்துவிட்டாள். "உன் குழந்தை உன்னை எப்படி விட்டுது?" என்று தனலட்சுமி கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. குப்பாயி வேப்பெண்ணெயைச் சொன்னாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்.

"மூணே நாளா?"

"அவ்வளவுதானுங்க சின்னம்மா. கசந்துச்சுன்னா மறந்துரும்."

சொல்லிவிட்டு அழுதாள். தனலட்சுமி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையைக் குப்பாயி வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருசம் ஆறு வருசமானது. எண்பதில் ஒரு சனிக்கிழமை, மெட்ராஸ் போகிற ஒரு குடும்பத்தோடு அவளையும் அனுப்புவதாகத் தனலட்சுமி சொன்னாள். பெட்டி கட்டி வாசலில் இருந்தது.

"உன் பொண்ணைப் பார்த்து எத்தனை நாளாச்சு. போய் இரு. பொங்கல் கழிச்சுக் கூப்பிட்டுக்கறோம்."

"கண்ணுகிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம், அழுவா. டான்ஸ் கிளாஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள கிளம்பிடு."

கிளம்பிவிட்டாள். சொல்லாமல் கிளம்புவது அவளுக்குப் புதிதில்லை.

பொங்கல் நாலு கழிந்தது. யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது அத்தாயிக்கு ஏழு முடிந்திருந்தது. வளர்த்தவள் சின்னனின் அக்கா மாதம்மாள். அத்தாயி மாதம்மாளை அம்மா என்றாள். குப்பாயியை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால் எதிரே வந்து நின்று பேசினாள். குப்பாயி அதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. பூசினவள் அவள்தானே. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தன்னை அம்மா என்று கூப்பிட்டாள், இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள். ஊருக்குச் சொல்லாமல் குப்பாயி வைத்திருந்தது அது ஒன்றைத்தான். களை வெட்டும்போதும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுவாள்.

எண்பத்துநாலு ஆவணியில் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் கிறிஸ்துதாஸ் வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏனுங்க ஜாம்பியாக்காரம்மா, உங்க எசமானி மகளை ஏற்காட்டுக் கான்வென்ட்ல சேத்திருக்காங்க, தெரியுமா? ஹாஸ்டலாம். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை போனா பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பாயி நாலு சோளக்கதிர் சுட்டாள். உப்பைத் தனியாகப் பொட்டலம் கட்டினாள். அத்தாயி ஆட்டை அவிழ்த்துக்கொண்டே பார்த்தாள்.

"கல்யாணத்துக்குப் போறாப்பல சீவியிருக்கற. உம் பொண்ணு வந்துட்டாளாமா?"

"நீயும் வாறியா?"

"நான் எதுக்கு? என்னை அவளுக்குத் தெரியுமா, அவளை எனக்குத் தெரியுமா?"

ஒண்டிக்கடை முக்கு தாண்டிக் கான்வென்ட் வாசலுக்குப் போனபோது பத்து மணி. கார்கள் நின்றிருந்தன. வாட்ச்மேன் அருள்சாமி நோட்டும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கோணும்?"

"சாருமதிங்க. தனலட்சுமியம்மா பொண்ணு."

"நீ என்ன ஆவோணும்?"

"வளத்தவங்க."

அருள்சாமி நோட்டைப் பார்த்தார். "அப்பா, அம்மா, கார்டியன். மூணு கட்டந்தான் போட்டிருக்கு. வளத்தவங்கன்னு கட்டம் இல்லையே."

"நாலாவதா ஒண்ணு போட்டுக்குங்க."

"கட்டம் போடற ஆளா இருந்தா நான் ஏன் ஸ்டூல்ல உக்காந்திருக்கறேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த சில்வர் ஓக் மரத்தடியில நில்லு. புள்ளையக் கூப்பிட்டு விடறேன். உள்ள மட்டும் காலை வெச்சுராத."

நீல ஸ்கர்ட்டில் ஒரு பிள்ளை ஓடிவந்தாள். பத்து வயதுக்கு நல்ல உயரம். தனலட்சுமியின் மூக்கு. வந்த வேகத்தில் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள்.

"கண்ணு" என்றாள் குப்பாயி.

"வாங்க ஆயா. நல்லா இருக்கீங்களா?"

ஆயா. அதோடு ஒரு ங்க. குப்பாயி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். பிள்ளை நாலு வருசம் வேறு ஆட்களோடு இருந்தவள், அப்படித்தான் பேசுவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"சோளம் சுட்டுக் கொண்டாந்தேன்."

சாருமதி வாங்கவில்லை. வகுப்பில் ஒப்பிக்கிறவள் மாதிரிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லை, ஆயா. முன்னாடி இருந்துச்சு. இப்ப இல்லை. நான் மன்னிச்சுட்டேன்."

"என்னத்தக் கண்ணு?"

"சங்கிலியை."

"எந்தச் சங்கிலி?"

"என் சங்கிலி. நீங்க எடுத்துட்டுப் போனது." குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்க வீட்ல கஷ்டம், அதனாலதான்னு மம்மி சொன்னாங்க. கஷ்டப்படறவங்களை மன்னிக்கணும்னு சிஸ்டரும் சொல்றாங்க. இங்க நான் யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னாள். குப்பாயிக்குச் சோப்புப் பெட்டி மூடி கண்ணுக்கு வந்தது. ஆறு வருசம், தினம் ஒரு தடவை கழற்றி, தினம் ஒரு தடவை மாட்டின சங்கிலி.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தனலட்சுமி இறங்கினாள். கொஞ்சம் பருத்திருந்தாள். குப்பாயியைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. உடனே சரியானது.

"குளிருது பாரு. போய் ஸ்வெட்டர் போட்டுட்டு வா" என்று மகளை அனுப்பினாள். பிள்ளை உள்ளே போனதும் குப்பாயி கேட்டாள்.

"நானுங்களா சின்னம்மா எடுத்தேன்?"

"மெல்லப் பேசு." தனலட்சுமி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலை. போலீஸ்ல சொல்லலை, உங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. சங்கிலி என் பெட்டியில பத்திரமா இருக்கு."

"பெட்டியில இருக்குதுங்களா."

"பதினோரு நாள் அவ சாப்பிடலை. கதவுகிட்டயே உட்கார்ந்திருந்தா. டாக்டர் வந்து ஊசி போட்டார். நான் என்ன செய்யறது? நீதானே சொன்னே, கசந்தா மறந்துரும்னு. சங்கிலியைச் சொன்னேன். நீ சொன்ன மாதிரி மூணு நாள்ல சாப்பிட ஆரம்பிச்சுட்டா."

மழை பெய்த மத்தியானம். தலையைத் தடவின கை. தடவிக்கொண்டே அது கேட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் பூசினது என்ற மார்ல சின்னம்மா" என்றாள் குப்பாயி. "நீங்க என்ற பேர்ல பூசிட்டீங்க."

தனலட்சுமி கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"அடுத்த வாரம் நான் கிட்வே திரும்பறேன். எஸ்டேட்ல எங்கப்பாவும் படுத்த படுக்கையா இருக்கார். மாசாமாசம் யாராவது இவளை வந்து பார்க்கணும். நோட்டுல உன் பேரை எழுதச் சொல்றேன். வா, ஏதாவது குடு, தலை சீவி விடு. அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே. அவளுக்கு நம்பறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். அதையும் கெடுத்துட்டு நீ என்ன செய்யப் போறே?"

"வரச் சொன்னா வாறனுங்க" என்றது வாய். ஆறு வருசப் பழக்கம்.

சோளத்தை அருள்சாமியின் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

ஒரு மாசம் யோசித்தாள். திருடி என்ற பேரோடு போய்ப் பார்ப்பதா, பேரைத் துடைத்துவிட்டுப் பார்க்காமலே இருப்பதா. சாமைக் காட்டில் களை வெட்டும்போது ஒரு முடிவு வரும், தண்ணீர் எடுக்கும்போது அது மாறும். கடைசியில் பார்ப்பது என்று வந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள். திருடியானால் என்ன, மாசத்துக்கு ஒரு நாள் தலை சீவலாம். கசப்பை விழுங்கப் பிள்ளைக்குத்தான் முடியாது, பெரியவளுக்கு முடியும்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு அருள்சாமி நோட்டைத் திருப்பிக் காட்டினார். "ஏறிருச்சு பாரு. ஆயா, குப்பாயி, செம்மநத்தம். மையில எழுதியிருக்கு, இனிமே என்னாலயே உன்னைத் தடுக்க முடியாது."

பார்வையாளர் கூடத்தில் பெஞ்சும் மேசையும் போட்டிருந்தார்கள். சுற்றிலும் முறுக்கு டப்பாக்கள் திறக்கிற சத்தம். சாருமதி தரையில் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். குப்பாயி எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டாள். முடி அதே முடிதான், பிடரியில் அதே சுழி. பிள்ளை பரீட்சையைப் பற்றிச் சொன்னாள், கூடப் படிக்கிற ஒருத்தி தூக்கத்தில் பேசுவதைச் சொன்னாள். இரண்டு தடவை சிரித்தாள். குப்பாயி தன் முடிவு சரிதான் என்று நினைத்தாள்.

"சோளம் திங்கறியா?"

"கை கழுவிட்டு வர்றேன்."

சாருமதி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டடி போனாள். நின்றாள். திரும்பி வந்து கடிகாரத்தை எடுத்து ஸ்கர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கதவைச் சாத்துகிற மாதிரி, கை தானாகச் செய்தது. அதைத்தான் குப்பாயியால் விழுங்க முடியவில்லை.

பிள்ளை திரும்பி வந்து சோளத்தைக் கையில் எடுத்தாள்.

"கண்ணு, உன்ற சங்கிலிய நான் எடுக்கல."

சாருமதி நிமிர்ந்து பார்த்தாள். "மம்மி சொன்னாங்க."

"உங்க மம்மி பெட்டியில இருக்குது. கேட்டு எழுது."

"மம்மி எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நீ என்னைய மறக்கோணும்னு."

பக்கத்து மேசையில் ஒரு அப்பா மகளின் மார்க்கைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். சாருமதி கதிரிலிருந்து ஒரு முத்தைக் கிள்ளினாள். தின்னவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எடுக்கலைன்னா, அப்புறம் ஏன் சொல்லாம போனீங்க?"

ஒரு மாசம் யோசித்ததில் குப்பாயி இந்தக் கேள்விப் பக்கம் வந்ததே இல்லை.

"சொல்ல வேண்டாம்னாங்க. நீ அழுவேன்னாங்க."

"நான் நொம்ப அழுதேன்" என்றாள் சாருமதி. "கதவுகிட்டயே இருந்தேன். அப்புறம் மம்மி சங்கிலின்னு சொன்னாங்க. சரி, பயந்து ஓடிட்டாங்கன்னு நெனச்சேன். பயந்தவங்க சொல்லிட்டுப் போக முடியாதில்ல." முத்தை மேசைமேல் வைத்தாள். "நீங்க பயப்படவே இல்லை. சொல்லியிருக்கலாம்."

சின்னம்மா சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது. சொன்னாலும், டான்ஸ் கிளாஸ் போகிற வழியில்தானே கார் திரும்பியது. பிள்ளை பார்த்துவிடாமல் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டவள் குப்பாயிதானே.

மணி அடித்தது. சாருமதி சோளத்தை வந்த மாதிரியே இலையில் வைத்து மடித்தாள். நன்றாக மடித்தாள், குப்பாயி கற்றுக்கொடுத்த மடிப்பு. அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க, ஆயா."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காட்டில் சோளம் முற்றிவிட்டது. இளசாகத் தேடி நாலு கதிர் ஒடித்துச் சுட்டுக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குப்பாயி ஏற்காடு போனாள். தனலட்சுமியின் கடிதம் வந்து பேரை எடுத்திருப்பார்கள் என்று பாதி எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் போனாள்.

அருள்சாமி அவளைப் பார்த்ததும் எழுந்தார். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அதிலேயே தெரிந்துபோனது.

"அடிச்சுட்டாங்களா?"

நோட்டைக் காட்டினார். பேரின் மேல் சிவப்பில் ஒரு கோடு.

"சின்னம்மா கடுதாசி போட்டாங்களா?"

"அவங்க கடுதாசி ஒண்ணும் வரல." அருள்சாமி மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புள்ளையே மதர்கிட்ட எழுதிக் குடுத்துருச்சு. இந்தப் பேரு வேண்டாம்னு. ஏன் சாமின்னு நான்கூடக் கேட்டேன். பதில் சொல்லல."

குப்பாயி அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஸ்கேல் வைத்துப் போட்டது. திருடியாக இருந்தவரை அந்தப் பேர் அங்கே இருந்தது.

"மழை விடட்டும், இருந்து போ" என்றார் அருள்சாமி.

"இல்லீங்க."

செம்மநத்தம் வந்தபோது மழை நின்றிருந்தது. அத்தாயி வாசலில் தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அவ வேண்டாம்னுட்டாளா?"

"ஆமா."

அத்தாயி விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். ஒரு கதிரை எடுத்தாள். குப்பாயி சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஜீப்பு வந்தப்ப நீ தூங்கிட்டிருந்த. எழுப்பியிருக்கலாம். நான் எழுப்பல."

"தெரியும்" என்றாள் அத்தாயி, கடித்துக்கொண்டே. "அம்மா சொல்லிச்சு."

இன்னொரு வாய் கடித்தாள். மென்றாள்.

"முத்திப்போச்சு. உப்பு எங்க?"

குப்பாயி மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தாள். மழையில் கரைந்து காகிதம் மட்டும் இருந்தது.